ஒன்பது எப்படி ஒன்றானது

போன மாதம் நான் வேலை பார்த்த நிறுவனத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஓய்வுபெற்ற சர்வீஸ் இன்ஜினியர்கள் தாங்கள் தீர்த்த கடினமான பழுது ஒன்றை மூன்று வரிகளில் எழுதித் தர வேண்டுமாம். இனிமேல் பெரும்பாலான பழுதுகளைச் சென்னையில் உட்கார்ந்தபடியே இணையம் வழியாகப் பார்த்துவிடப் போகிறார்கள். அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு உதவும் என்று கேட்டிருந்தார்கள்.

மூன்று வரியிலேயே எழுதினேன். "ஸ்லீப்பிலிருந்து எழுந்த பிறகு மெமரி பிழை. மின்பெட்டி மாற்றப்பட்டது. சரியாகிவிட்டது." ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் அதில் பொன்னி இல்லை. நான் செய்த தப்பும் இல்லை. படிவத்தை அனுப்பிவிட்டேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் கலைச்செல்வி. சொந்த ஊர் தியாகதுருகம். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு, ஊரிலேயே ஒரு டிவி ரிப்பேர் கடையில் இரண்டு வருஷம் சால்டரிங் பிடித்தேன். பிறகு கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் பராமரிப்பு ஒப்பந்தம் எடுக்கும் கம்பெனியில் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை அதே கிளைதான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கூட்டுறவுச் சங்கம் என்று எங்கே இயந்திரம் நின்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன்.

ஆரம்பத்தில் நைனார்பாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரை ஆன் செய்தால் பீப் பீப் என்று கத்துகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. தலைமையாசிரியர் என்னை வராந்தாவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்து வந்து கேட்டார்:

"இன்ஜினியர் எப்பம்மா வருவாரு?"

"வந்து கால் மணி நேரம் ஆச்சுங்க சார்."

அவர் என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, மெமரி அட்டையைக் கழற்றினேன். ராம் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதன் விளிம்பில் இருக்கும் தங்கப்பூச்சுப் பற்களில் கறை படிந்தால் இயந்திரம் எழும்பாது. அங்கிருந்த ஒரு மாணவியிடம் அழிரப்பர் வாங்கி அந்தப் பற்களைத் தேய்த்து, திரும்பச் செருகினேன். திரை வந்துவிட்டது.

"இம்மாந்தானா?" என்றார் தலைமையாசிரியர், ஏமாந்துபோன குரலில்.

அந்தக் கேள்வியைப் பிறகு எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நான் கோபித்துக்கொண்டதே இல்லை. இம்மாந்தான் என்று ஒருவர் சொன்னால், அவருடைய பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று பொருள்.

என் வேலையின் கடைசிப் பத்து வருஷம் எங்களுக்கு மேனேஜராக இருந்தவர் பாஸ்கர். என்னைவிடப் பத்து வயது இளையவர். நாங்கள் ஒருவரையொருவர் சார், மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அதிர்ந்து பேச மாட்டார். வாடிக்கையாளர் யாராவது போன் செய்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். அறையில் தனியாக இருந்தாலும் எழுந்து நின்றுதான் பேசுவார். நாற்காலி கிறீச்சென்று பின்னால் நகரும் சத்தம் கேட்டால், ஏதோ புகார் வந்திருக்கிறது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

அவருக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு நாளும் சாயந்திரம் ஐந்தரைக்கு எல்லோரும் அன்றைய ஜாப் ஷீட்டை, அதாவது எங்கே போனோம், என்ன பார்த்தோம், என்ன செய்தோம் என்று எழுதிய தாளை, அவர் முன்னால் வாய் விட்டுப் படிக்க வேண்டும். அவர் வாங்கிப் படிக்க மாட்டார். எழுதியவரேதான் படிக்க வேண்டும். நடுவில் நிறுத்திக் கேட்பார்:

"இத பார்த்தீங்களா, நெனச்சீங்களா?"

"கேபிள் பழுது" என்று ஒருவர் படிப்பார். பார்த்தீங்களா, நெனச்சீங்களா? கேபிளை மாற்றியதும் சரியாகிவிட்டது, அதனால் பழுது என்று நினைத்தேன் என்பார் அவர். "அந்தப் பழைய கேபிள திரும்ப மாட்டிப் பார்த்தீங்களா? மறுபடியும் பழுது வந்துச்சா? வரலன்னா கேபிள் மேல ஏன் பழி போடறீங்க?" என்பார் பாஸ்கர். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தைத்தான் மாற்ற வேண்டும், சரியான பிறகு கெட்ட பாகத்தைத் திரும்ப மாட்டி, கெட்டது கெட்டதுதான் என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் சட்டம். எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள் எந்தக் காலத்தில் கெட்ட பாகத்தைத் திரும்ப மாட்டுவாள்?

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்னால் அந்தப் பெட்டி வந்தது. கல்வராயன் மலைமேல் இருக்கும் ஒரு சுகாதார நிலையத்துக் கம்ப்யூட்டர். ஊர்ப் பெயர் வேண்டாம். காலையில் திறந்தால் சில நாள் திரை நீலமாகி, மெமரியில் பிழை என்று எழுத்து வருகிறதாம். சில நாள் ஒழுங்காக வேலை செய்கிறதாம். மருந்து ஏற்றிச் செல்லும் வண்டியில் பெட்டியைக் கீழே அனுப்பியிருந்தார்கள்.

என் மேசையில் வைத்து மெமரி சோதனை ஓடவிட்டேன். அந்தச் சோதனை மெமரியின் ஒவ்வோர் அறையிலும் எதையாவது எழுதி, உடனே திரும்பப் படித்து, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும். ஒரு நாள் முழுக்க ஓடியது. ஒரு பிழைகூட இல்லை. சாயந்திரம் ஜாப் ஷீட் எழுதினேன். "மெமரி நலம். இயந்திரத்தில் குறை இல்லை. பயன்படுத்துபவரின் தவறாக இருக்கலாம்."

அன்றைக்குப் பாஸ்கர் விடுப்பு. யாரும் படிக்கச் சொல்லவில்லை. பெட்டி மலையேறிவிட்டது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை பாஸ்கர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் என் ஜாப் ஷீட்டின் நகல் இருந்தது.

"சுகாதாரத் துறையிலேருந்து இதுக்கு சான்றிட்ட நகல் கேக்கறாங்க மேடம். அங்க டேட்டா என்ட்ரி பண்ற பொண்ணு மேல விசாரணை. குழந்தைங்க எடைய தப்பு தப்பா பதிவு பண்ணுதாம். மெஷினு மேல பழி போடுதாம். மெஷின் நல்லா இருக்குதுங்கறதுக்கு நம்ம ஷீட்டுதான் ஆதாரம்." தாளை என் பக்கம் நகர்த்தினார். "வாய் விட்டுப் படிங்க."

படித்தேன். கடைசி வரியில் என் குரல் இறங்கியது எனக்கே கேட்டது.

"பயன்படுத்துபவரின் தவறு. பார்த்தீங்களா, நெனச்சீங்களா?"

"நெனச்சேன் சார்."

"அந்தப் பொண்ண பார்த்திருக்கீங்களா?"

"இல்ல சார்."

அவர் ஷீட்டைத் திரும்ப எடுத்து வைத்தார். "விசாரணை வியாழக்கிழமை. நாளைக்குக் காலையில மலைக்குப் போங்க. ஸ்பேர் எல்லாம் எடுத்துக்கினு போங்க" என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். சுகாதார நிலையம் ஓட்டுக் கட்டடம். ஒரு பக்கம் டாக்டரம்மாவின் அறை. மறுபக்கம் ஒரே அறையில் எடை பார்க்கும் இயந்திரம், தடுப்பூசி வைக்கும் பெரிய பிரிட்ஜ், ஜன்னலோரம் அந்தக் கம்ப்யூட்டர். அதன் முன்னால் இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பொன்னி. மலைக்காரக் குடும்பம். அப்பா அம்மா சாமையும் மரவள்ளியும் போடுகிறவர்கள். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, கீழே போய் டிகிரி முடித்து, ஒப்பந்த வேலைக்கு ஊருக்கே திரும்பி வந்தவள்.

நான் பெயரைச் சொன்னதும் அவள் முகம் இறுகியது.

"நீங்கதானே அந்த ரிப்போர்ட்டு எழுதனது?"

"ஆமாம்மா."

"என்ன பாக்காமயே என் தப்புன்னு எப்புடிங்க எழுதனீங்க?"

"தப்புதான். அத சரி பண்ணலாமான்னு பாக்கத்தான் வந்திருக்கேன்" என்றேன். அவள் நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள்.

டாக்டரம்மாதான் நடந்ததைச் சொன்னார். பிறக்கும் குழந்தைகளின் எடையை நர்ஸ் முதலில் பதிவேட்டில் பேனாவால் எழுதுவார். பொன்னி அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். கம்ப்யூட்டரில் இருப்பதைத்தான் மாவட்டத்தில் பார்ப்பார்கள். இரண்டு மாதத்துக்கு முன் வெள்ளையன் என்பவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பதிவேட்டில் இரண்டு கிலோ தொள்ளாயிரம். கம்ப்யூட்டரில் இரண்டு கிலோ நூறு. எடை மிகக் குறைவு என்று மாவட்டத்திலிருந்து போன் வந்து, பச்சைக் குழந்தையையும் தாயையும் மழையில் கொண்டை ஊசி வளைவுகளில் ஆம்புலன்ஸில் இறக்கிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எடை போட்டால் இரண்டு தொள்ளாயிரத்துக்கு மேலேயே இருந்தது. வெள்ளையன் திரும்பி வந்து, எல்லோர் முன்னாலும் பொன்னியைப் பார்த்துக் கத்தினார். பிறகு தோண்டத் தோண்ட இன்னும் பல எண்கள் பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை. வேலையை விட்டு ஏன் நீக்கக்கூடாது என்று கேட்டு நோட்டீஸ் வந்துவிட்டது.

நான் மெமரி சோதனையைத் திரும்ப ஓட்டினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. பிழை இல்லை. மெமரி அட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பிழை இல்லை. மதியம் ஆகிவிட்டது. பொன்னி டிபன் பாக்ஸைத் திறந்தவள், என்னைப் பார்த்துவிட்டு, பாதியை மூடியில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள். சாமைச் சோறும் கீரையும். சாப்பிடும்போது கேட்டேன்.

"சாயந்திரம் வேல முடிஞ்சா மெஷின இன்னா பண்ணுவ?"

"ஸ்லீப்புல போட்டுட்டுப் போவேங்க. அன்னிக்கு அடிச்சது தெறந்தபடியே கெடக்கும், காலையில நெட்டு வந்தாதான் சேவ் ஆயி மாவட்டத்துக்குப் போவும். முழுசா அமத்துனா காலையில தெறக்க இருவது நிமிசம் ஆவுது. ஊசி போட வந்தவங்க புள்ளைய வச்சிக்கினு நிக்கறாங்க. அதனால டாக்டரம்மாதான் ஸ்லீப்புல போடச் சொன்னாங்க."

"தப்பான நம்பர் எல்லாம் எழுதி வச்சிருக்கியா?"

அவள் கை கழுவிவிட்டு வந்து மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். இடது பக்கம் பதிவேட்டு எண். வலது பக்கம் கம்ப்யூட்டர் எண். அடுத்த கட்டத்தில் கண்டுபிடித்த கிழமை. இரண்டு பக்கம் நிரம்பியிருந்தது.

"ஒன்னு சொல்லட்டுங்களா? விசாரணையில சொன்னா நம்புவாங்களான்னு தெரியல. எல்லாம் கம்மிதாங்க ஆவுது. ஒன்னுகூட ஜாஸ்தி ஆனதில்ல. நான் பொய்யா எழுதறதா இருந்தா கொழந்த எடைய ஏங்க கம்மி பண்ணப் போறேன்? அப்பறம், திங்கக்கெழமதான் ஜாஸ்தி வருது."

ஞாயிற்றுக்கிழமை முழுதும் இயந்திரம் ஸ்லீப்பில் கிடக்கும். நான் நோட்டை இழுத்துப் பார்த்தேன். 2.9 என்பது 2.1. 2.7 என்பது 2.3. 3.5 என்பது 3.1. 3.4 என்பது 3.0. 2.6 என்பது 2.2.

டிப்ளமாவில் படித்தது எங்கிருந்தோ மேலே வந்தது. ஒரு தாளை எடுத்து நாலு விளக்கு வரைந்தேன். கம்ப்யூட்டருக்கு எண் என்பது எரியும் விளக்கும் அணைந்த விளக்கும்தான். முதல் விளக்கின் மதிப்பு எட்டு, அடுத்தது நாலு, அடுத்தது இரண்டு, கடைசி ஒன்று. ஒன்பது என்றால் எட்டின் விளக்கும் ஒன்றின் விளக்கும் எரியும். எட்டின் விளக்கு அணைந்தால்? ஒன்று. ஏழு என்றால் நாலும் இரண்டும் ஒன்றும் எரியும். நாலு அணைந்தால்? மூன்று.

"அஞ்சுல நாலு அணைஞ்சா ஒன்னு" என்றாள் பொன்னி, என் கையிலிருந்த பென்சிலை வாங்கியபடி. "நாலுல நாலு அணைஞ்சா சைபர். ஆறுல அணைஞ்சா ரெண்டு."

நோட்டிலிருந்த ஒவ்வொரு வரியையும் அந்த விளக்குகளில் வைத்துப் பார்த்தோம். எல்லாம் பொருந்தியது. ஒன்பது ஒருமுறைகூட ஐந்தாகவோ ஏழாகவோ ஆகவில்லை. விரல் தவறி அடிக்கிறவர் எதை வேண்டுமானாலும் அடிப்பார். விளக்கு அணைவது போல மட்டும் தவறு செய்ய எந்த மனிதராலும் முடியாது.

மேசையில் ஓடிய என் சோதனை ஏன் ஒன்றும் காட்டவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அது எழுதியதை உடனே படித்துவிடுகிறது. ஸ்லீப்பில் கம்ப்யூட்டரின் மற்ற எல்லாப் பாகங்களும் அணைந்துவிடும். மெமரி மட்டும், வைத்திருப்பதை மறக்காமல் இருக்க, ஒரு சின்ன மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு விழித்திருக்கும். பெட்டிக்குள் இருக்கும் மின்பெட்டி அந்தச் சின்ன மின்சாரத்தை ஓர் ஊதாக் கம்பி வழியாகத் தருகிறது. எஸ்.எம்.பி.எஸ். என்று நாங்கள் சொல்வது அந்த மின்பெட்டியைத்தான். தூங்க வைக்காமல் சோதித்தவள் நான்.

மெமரி முழுவதையும் ஒன்பதால் நிரப்பிவிட்டு, விழித்த பிறகு ஒன்பது அல்லாததை மட்டும் திரையில் காட்டும்படி சின்ன நிரல் ஒன்று எழுதினேன். ஸ்லீப்பில் போட்டேன். அரை மணி நேரம் கழித்து எழுப்பினேன். திரை காலியாக இருந்தது. ஒரு தவறும் இல்லை. இன்னோர் அரை மணி. அப்போதும் இல்லை.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். பொன்னி பின்னாலிருந்து தயங்கிச் சொன்னாள்:

"நாம சாப்புடறப்ப கரண்டு போய் வந்ததால அந்த பிரிட்ஜ இன்னும் போடலீங்க. அது ஓட ஆரம்பிக்கறப்ப லைட்டு மங்கும்."

டாக்டரம்மா வந்து பிரிட்ஜைப் போட்டார். அது உறுமிக்கொண்டு கிளம்பியபோது மேலே இருந்த குண்டு பல்பு சிவந்து மங்கி, ஒரு மூச்சு நேரம் கழித்துத் தெளிந்தது. கள்ளக்குறிச்சியில் என் மேசையில் அப்படி எதுவும் நடக்காது. நான் மெமரியை ஒன்பதால் நிரப்பித் திரும்ப ஸ்லீப்பில் போட்டு, மல்டிமீட்டரின் முனையை ஊதாக் கம்பியில் வைத்தேன். ஐந்து வோல்ட் இருக்க வேண்டும். இருந்தது. பிரிட்ஜ் நின்று, திரும்பக் கிளம்பும் வரை மீட்டரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். கை கடுத்தது. பல்பு மங்கியது. மீட்டரில் எண் ஐந்திலிருந்து நாலுக்குக் கீழே விழுந்து, திரும்ப மேலே வந்தது.

"விழுந்துச்சு!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். ஊசி போட வந்திருந்த ஒரு குழந்தை பயந்து அழுதது.

இயந்திரத்தை எழுப்பினேன். திரையில் வரிசையாக வந்தது. 1. 1. 8. 1. பொன்னி திரையைத் தொட்டு எண்ணினாள். அப்புறம் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் பின்னால் போகவில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

கொண்டுபோயிருந்த புது மின்பெட்டியை மாட்டினேன். பிரிட்ஜ் கிளம்பியது, பல்பு மங்கியது, மீட்டர் ஐந்திலேயே நின்றது. எழுப்பினால் திரை காலி. பழைய மின்பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஊதாக் கம்பிக்கு மின்சாரம் தரும் பகுதியில் ஒரு கெபாசிட்டரின் தலை உப்பி, பிசின் போல ஏதோ கசிந்திருந்தது. மின்சாரம் ஒரு கணம் குறைந்தால் ஈடுகட்ட வேண்டியது அதுதான். விரல் நுனி அளவுகூட இல்லை.

இந்த முறை யாரும் சொல்லாமலே, கெட்ட மின்பெட்டியைத் திரும்ப மாட்டினேன். பிழை வந்தது. விசாரணையில் காட்டுவதற்காக அப்படியே விட்டுவிட்டு, நர்ஸ் குவார்ட்டர்ஸில் தங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மாவட்டத்திலிருந்து ஆய்வு அலுவலர் ஜீப்பில் வந்தார். கையில் தடித்த கோப்பு. சாட்சி சொல்ல வெள்ளையனையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் மனைவி குழந்தையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். வெள்ளையன் உள்ளே வராமல் ஜன்னலருகே நின்றார்.

அலுவலர் என் ஜாப் ஷீட்டை எடுத்துக் காட்டினார். "இன்னாம்மா, மெஷின் நல்லா இருக்குதுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப கெட்டுப் போச்சுங்கறீங்க. எத நம்பறது?"

"ரெண்டையும் நம்ப வேணாங்க சார். ஒக்காந்து உங்க கண்ணால பாருங்க."

அவர் உட்கார்ந்தார். நான் மெமரியை ஒன்பதால் நிரப்பிக் காட்டிவிட்டு, ஸ்லீப்பில் போடும் பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னேன். திரை அணைந்தது. டாக்டரம்மா டீ வரவழைத்தார். பிரிட்ஜ் எப்போது கிளம்பும் என்று எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பிரிட்ஜை அத்தனை பேர் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. பல்பு மங்கியது.

"இப்ப எழுப்புங்க சார்."

அவர் விசைப்பலகையைத் தட்டினார். எண்கள் வந்தன. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு குனிந்து படித்தார். "இது ஒன்னு. இதுவும் ஒன்னு. இது எட்டு. நாமதானே ஒம்பது போட்டோம்?" பிறகு பொன்னியின் நோட்டைக் கேட்டு வாங்கினார். நான் நாலு விளக்கு வரைந்து காட்டினேன். ஒவ்வொரு வரியாகக் கையால் மறைத்து, விடையைத் தானே கணக்குப் போட்டு, கையை எடுத்துச் சரிபார்த்தார். ஆறேழு வரி ஆனதும் நோட்டை மூடினார். புது மின்பெட்டியை மாட்டச் சொன்னார். அதிலும் தானே ஸ்லீப்பில் போட்டு, காத்திருந்து, தானே எழுப்பினார். திரை காலி. இன்னொரு முறை செய்ய வேண்டும் என்றார். செய்தோம். காலி.

"புது ஜாப் ஷீட் குடுங்க" என்றார்.

நான் பாஸ்கருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, "என் பழைய ரிப்போர்ட்டு தப்புன்னு எழுதணும் சார். கம்பெனிக்குக் கெட்ட பேரு வரும். ஒப்பந்தம் போனாலும் போயிடும்" என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"வரட்டும் மேடம். ஸ்பீக்கர்ல போடுங்க. எழுதனத வாய் விட்டுப் படிங்க."

படித்தேன். "முந்தைய சோதனையில் இயந்திரத்தை ஸ்லீப்பில் வைத்துப் பார்க்கவில்லை. பயன்படுத்துபவரின் தவறு என்று எழுதியது என் தவறு. அவரை நான் விசாரிக்கவும் இல்லை, சந்திக்கவும் இல்லை. மின்பெட்டியின் பழுதால் ஸ்லீப்பின்போது மெமரியில் இருந்த எண்கள் மாறியுள்ளன. கண்ணால் பார்த்தது." இந்தத் தடவை எந்த வரியிலும் என் குரல் இறங்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் எழுதிய ஷீட்டுகளில் அதைப் போல் ஒன்றை நான் தெம்பாகப் படித்ததில்லை.

"பார்த்தீங்களா" என்று மட்டும் சொன்னார் பாஸ்கர். கேள்வி போலவே இல்லை. ஒப்பந்தமும் போகவில்லை. மலைமேல் இருந்த மற்ற நிலையங்களிலும் அதே மாதிரி மின்பெட்டிகளைச் சோதிக்கச் சொல்லிப் பிறகு எங்களிடமே கடிதம் வந்தது. அந்தச் சோதனையில் இன்னும் சில உப்பிய தலைகள் அகப்பட்டன.

அலுவலர் கோப்பைத் திறந்தார். உத்தரவை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றார். ஆனால் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும். அந்தக் கட்டடத்தில் அந்த வேலை தெரிந்தவள் ஒருத்திதான். அவர் பொன்னியைப் பார்த்தார். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் தயங்கவில்லை. "மேற்படி பணியாளரின் கவனக்குறைவு நிரூபிக்கப்படவில்லை" என்று அவர் சொன்னதும் அவள் விரல்கள் நின்றன.

"இன்னாம்மா?"

"ஐயா, நிரூபிக்கப்படலன்னா, செஞ்சிருக்கலாம் ஆனா மாட்டலன்னு அர்த்தம் வருதுங்க. கவனக்குறைவு இல்லைன்னு போடலாங்களா?"

டாக்டரம்மா தரையைப் பார்த்தார். அலுவலர் மேசையிலிருந்த நாற்பது பக்க நோட்டைப் பார்த்தார்.

"போடு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கண்டுபிடிக்க உதவியாக இருந்தவரும் அவரே. அதையும் சேத்துப் போடு" என்றார்.

போட்டாள். மூன்று பிரதி எடுத்தாள். அவர் மூன்றிலும் கையெழுத்திட்டார். ஒன்றை அவர் கோப்பில் வைத்துக்கொண்டார். ஒன்றை டாக்டரம்மாவிடம் கொடுத்தார். மூன்றாவதைப் பொன்னி எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஜன்னலருகே வெள்ளையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏதோ கோவத்துல அன்னிக்கு நாலு பேரு எதிர்ல பேசிப்புட்டேம்மா" என்றார்.

"அதனால என்னங்கண்ணா, இதையும் நாலு பேரு பாக்கட்டும்" என்றாள் பொன்னி. எடை பார்க்கும் இயந்திரத்துக்கு மேலே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் எவர் கண்ணுக்கும் தப்பாத உயரத்தில், அந்த உத்தரவைச் சுவரில் ஒட்டினாள். நாலு மூலையிலும் விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டாள்.